கை தூக்கிய குதிரைக்காரனும் திரும்பிப் பார்க்கும் முயலும்: காப்டிக் துணிகளில் வேட்டை

கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு பிஷப்புக்குப் பணக்காரர்களின் உடை மேல் பயங்கர எரிச்சல். அவர் பெயர் அஸ்டீரியஸ். ஊர் அமாசேயா, இன்றைய துருக்கியின் வடக்கே இருக்கும் அமாஸ்யா. பைபிளில் வரும் பணக்காரனும் லாசருவும் கதையை வைத்து அவர் செய்த பிரசங்கம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் துணிமணி பற்றிப் பேச்சு வரும் இடத்தில் மனிதர் பொரிந்து தள்ளுகிறார். சிங்கம், சிறுத்தை, கரடி, காளை, நாய், காடு, பாறை, வேட்டைக்காரன் என்று உடம்பெல்லாம் படம் போட்ட துணியை உடுத்திக்கொண்டு வெளியே வருகிறார்களாம். பார்த்தால் சித்திரம் தீட்டிய சுவர் நடந்து வருவதுபோல இருக்கிறதாம். தெருப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, துணியில் இருக்கும் படத்தை விரலால் காட்டிச் சிரித்துக்கொண்டே பின்னால் போகிறார்களாம்.

துருக்கியின் ஈர மண்ணில் புதைந்த துணி மட்கிப் போகும். எகிப்தில் அப்படி இல்லை. நைல் வெள்ளம் ஏறாத பாலை மேட்டில், மழை என்பதையே ஏறக்குறைய அறியாத மணலுக்குள், பதினைந்து நூற்றாண்டு கழித்தும் துணி துணியாகவே கிடந்தது. பிஷப் திட்டிய அதே சிங்கமும் நாயும் வேட்டைக்காரனும் இன்று லண்டன், பாரிஸ், நியூயார்க், கெய்ரோ மியூசியங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இவற்றைத்தான் காப்டிக் துணிகள் என்கிறார்கள். முதல்முறை பார்க்கிறவர் இந்த வேட்டைப் படங்களில் எதைக் கவனிக்கலாம் என்று கொஞ்சம் சொல்லப் பார்க்கிறேன்.

பெயரில் ஒரு சிக்கல்

எகிப்தியனைக் கிரேக்கர்கள் ‘ஐகுப்தியோஸ்’ என்றார்கள். அது அரபியில் ‘கிப்த்’ ஆகி, ஐரோப்பியர் வாயில் ‘காப்ட்’ ஆனது. அடிப்படையில் எகிப்தியன் என்றுதான் பொருள். பின்னால் எகிப்துக் கிறிஸ்தவர்களை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் துணிகள் கல்லறைகளிலிருந்து வெளிவந்தபோது அந்தப் பெயரை இவற்றின்மேல் ஒட்டினார்கள், அதுவும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் துணிகளோ சுமார் 3-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 10-ஆம் நூற்றாண்டையும் தாண்டிப் போகின்றன. உடுத்தியவர்களில் கிரேக்கம் பேசியவர்கள் உண்டு, எகிப்திய மொழி பேசியவர்கள் உண்டு. சிலுவையைக் கும்பிட்டவர்களும் உண்டு, மதுக்கடவுள் டயோனிசஸை விட மனமில்லாதவர்களும் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் அரபு ஆட்சி வந்தபிறகு முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆகவே ‘காப்டிக்’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் கிறிஸ்தவத் துணி என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிஞர்கள் பலர் இந்தச் சொல்லையே தவிர்க்கப் பார்க்கிறார்கள். தேடுபெட்டியில் போட்டால் படம் வர வேண்டுமே என்பதற்காக நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

கிடைத்த விதமும் தெரிந்திருக்க வேண்டும். ரோமர் ஆட்சி முற்ற முற்ற மம்மி செய்யும் வழக்கம் தேய்ந்துபோனது. இறந்தவர்களை அவர்கள் உடுத்திய உடைகளோடேயே, சிலரைப் பல அடுக்கு உடைகளில், பழைய திரைச்சீலை, மெத்தை உறை போன்றவற்றாலும் சுற்றிப் புதைத்தார்கள். 1880-களில் மேல் எகிப்தின், அதாவது தெற்கு எகிப்தின், அக்மீம் ஊரில் இந்தக் கல்லறைகள் திறக்கப்பட்டன. பழைய காலத்தில் பனோபொலிஸ் என்ற பெயரோடு லினன் நெசவுக்குப் பேர்போன ஊர் அது. 1896-லிருந்து ஆல்பர் கயே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தினோவே நகரத்தின் இடுகாடுகளைத் தோண்டினார். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அந்த உடைகளைப் பார்க்கக் கூட்டம் வந்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. வியாபாரிகளுக்கும் சேகரிப்பவர்களுக்கும் வேண்டியது படம் மட்டும். முழு அங்கியிலிருந்து படம் போட்ட வட்டத்தையும் பட்டையையும் கத்தரித்துக்கொண்டு, வெற்று லினனைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரே உடையின் துண்டுகள் வெவ்வேறு நாடுகளுக்குப் போயின. எந்தக் கல்லறை, யாருடைய உடல், பக்கத்தில் என்ன கிடந்தது என்ற விவரமெல்லாம் கத்தரிக்கோலோடு போயிற்று. அதனால் வெகுகாலம் பாணியை மட்டும் வைத்து வயது சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்பன் சோதனை வந்தபிறகு சில துணிகளின் வயது நூற்றாண்டுக் கணக்கில் நகர்ந்தது. மியூசியக் குறிப்பில் ‘5-ஆம் நூற்றாண்டு’ என்று இருந்தால் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தினோவே பற்றி ஒரு துணுக்கு சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரோமப் பேரரசன் ஹேட்ரியன் 130-ல் கட்டிய நகரம் அது. அவனுடைய அன்புக்குரிய இளைஞன் அந்தினோஸ் நைலில் மூழ்கி இறந்ததன் நினைவாக எழுந்தது. ஹேட்ரியனுக்கு வேட்டைப் பைத்தியம். இருவரும் சேர்ந்து ஒரு சிங்கத்தை வேட்டையாடியதைப் பங்கிராட்டிஸ் என்ற கவிஞர் பாட, அந்தப் பாட்டின் துண்டுகள் பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. அந்த நகரத்து இடுகாட்டிலிருந்து வேட்டைத் துணிகள் வெளிவந்ததற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. இருந்தாலும் தற்செயல் அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு வட்டத்தைக் கிட்டத்தில்

இப்போது ஒரு படம். இந்த வகையில் ஏராளமாகக் கிடைப்பதால் எந்தப் பெரிய மியூசியத்தின் வலைத்தளத்திலும் இதைப்போல ஒன்றைக் காணலாம். ஒரு சாண் அகலத்தில் ஒரு வட்டம். தரை கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இருட்டு நிறம், அல்லது வெளிர் தரையில் இருட்டு உருவம். நடுவில் குதிரைமேல் ஒருவன். குதிரையின் முன்கால்கள் இரண்டும் மேலே. சவாரிக்காரனின் மேலாடை முதுகுக்குப் பின்னால் முக்கோணக் கொடிபோலப் பறக்கிறது, வேகத்தைக் காட்ட அது ஒன்று போதும். அவன் முகம் குதிரை போகும் பக்கம் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறது. வலது கை மேலே தூக்கியிருக்கிறது.

அந்தக் கையைக் கவனியுங்கள். வேல் இருக்கும் என்று தேடுவோம். பல துணிகளில் அங்கே ஒன்றும் இருக்காது. விரித்த உள்ளங்கை மட்டும்தான். கீழே ஒரு சிங்கமோ சிறுத்தையோ பாய்கிறது, இவன் வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கிறான். முதலில் பார்த்தபோது நெய்தவருக்கு வேலுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயம் வேறு. ரோமப் பேரரசர்கள் நாணயங்களிலும் சிற்பங்களிலும் வெற்றியோடு ஊருக்குள் நுழையும்போது கையை இப்படித்தான் தூக்குவார்கள். அதாவது வேட்டை முடிவதற்கு முன்னாலேயே வெற்றியைச் சொல்லும் சைகை அது. இந்த ஒரு கையைப் புரிந்துகொண்டால் பாதி வேட்டைப் படங்கள் புரிந்துவிடும்.

குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரு நாய், அதற்கு முன்னால் ஒரு முயல். முயல் ஓடிக்கொண்டே தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. சுற்றிலும் வட்டத்தின் விளிம்பில் திராட்சைக்கொடி வளைந்து வளைந்து போக, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு மிருகம்: ஒன்றில் முயல், அடுத்ததில் நாய், அடுத்ததில் சிங்கம், அப்புறம் மறுபடி முயல். வட்டம் என்பதால் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பதே குழம்பிவிடும். முயலைத் துரத்தும் நாய்க்குப் பின்னால் சிங்கம், சிங்கத்துக்குப் பின்னால் மறுபடி முயல். முயல் சிங்கத்தைத் துரத்துவதாகவும் படிக்கலாம். நெய்தவர் இதை வேண்டுமென்றேதான் செய்தாரா என்று கேட்டால், இந்த விளையாட்டு கண்ணில் படாதவர் இத்தனை வட்டங்களை நெய்திருக்க முடியாது என்பேன்.

தறியில் எப்படி ஓடுகிறது முயல்

முதல் பார்வைக்கு இது பூத்தையல்போலத் தெரியும். ஊசி வேலை இல்லை, தறியிலேயே நெய்தது. அங்கியின் துணி ஆளிச்செடி நாரில் வரும் லினன், சாயம் ஏற்றாத வெளிர் நிறம். லினனில் சாயம் லேசில் பிடிக்காது. ஆட்டு ரோமத்தில் நன்றாகப் பிடிக்கும். ஆகவே படத்துக்குக் கம்பளி நூல். லினன் பாவில் (தறியில் இழுத்துக் கட்டிய நூல்களில்) வெற்றுத் துணியை நெய்துகொண்டே வந்து, வட்டம் வரவேண்டிய இடத்தில் பாவு நூல்களை இரண்டு மூன்றாகக் கற்றை சேர்த்து, அந்த இடத்துக்குள் மட்டும் நிற நூலை ஊடையாக (குறுக்கு நூலாக) போகவிடுவார்கள். நிற ஊடை துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை போகாது. தன் நிறம் வேண்டிய எல்லை வந்ததும் திரும்பிவிடும். நெருக்கி அடித்தால் பாவு மறைந்து நிறம் மட்டும் தெரியும்.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிற ஊடை, இரண்டும் எல்லையில் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்பும். இங்கே ஒரு வட்டத்துக்குள் அப்படிப் பத்துப் பதினைந்து எல்லைகள். பல இடங்களில் கொக்கியும் போடமாட்டார்கள், இரண்டு நிறங்களுக்கு நடுவே சின்னப் பிளவு விட்டுவிடுவார்கள். மியூசியப் படத்தைப் பெரிதாக்கினால் குதிரையின் காலோரம் கீறல்போல அந்தப் பிளவுகள் தெரியும்.

சரி, கண், மூக்கு, பிடரிமயிர், குதிரையின் தசைக்கோடு, முயலின் மீசை இவையெல்லாம்? இதற்குத்தான் இந்த நெசவாளர்களின் கைவித்தை. ஊடையை அடித்துக்கொண்டே போகும்போது, மெல்லிய வெள்ளை லினன் நூலைத் தனியாக ஒரு சின்னத் தாரில் சுற்றிக் கையில் வைத்திருப்பார்கள். அந்த நூல் ஊடை வரிசைக்குக் கட்டுப்படாது. சாய்வாக, வளைவாக, மேலே ஏறி, பாவைச் சுற்றிக்கொண்டு தன்பாட்டுக்குப் போகும். இருட்டுத் தரையில் வெள்ளைப் பேனாவால் கோடு கிழித்ததுபோல இருக்கும். கட்டம் கட்டமாக மட்டுமே வரவேண்டிய தறியில் வளைகோடு வருவது இப்படித்தான். நல்ல துண்டுகளில் சிங்கத்தின் விலா எலும்பைக்கூட எண்ணலாம். மாதிரி வரைந்த பாப்பிரஸ் துண்டுகளும் கிடைத்திருப்பதால், ஓரளவு பார்த்து நெய்தார்கள் என்று தெரிகிறது. ஆனால் இந்த வெள்ளை நூல் ஓட்டத்தைப் பார்த்தால், தாளைவிடக் கையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த இருட்டு ஊதா நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. அசல் ஊதா கடல் நத்தையிலிருந்து வருவது. 1909-ல் பால் ஃப்ரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து பிரித்தெடுத்த சாயம் வெறும் 1.4 கிராம். இதில் சாமானியர் எங்கே அங்கி நெய்வது? எனவே மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்போடு நீலச் சாயத்தைச் சேர்த்து ஊதாபோல ஆக்கினார்கள். எப்படிப் போலி ஊதா செய்வது என்ற சமையல் குறிப்புகளே எகிப்துப் பாப்பிரஸ் ஒன்றில் வரிசையாக இருக்கின்றன. சுமார் 300-ஐ ஒட்டி எழுதப்பட்ட அது இப்போது ஸ்வீடனில் இருக்கிறது. பேரரசனின் கைச்சைகை, பேரரசனின் நிறம், இரண்டுமே நகல். உடுத்தியவருக்கு அது ஒரு குறையாகவே பட்டிருக்காது.

நூலிலும் ஒரு விஷயம். எகிப்தில் பழங்காலம்தொட்டு நூலை ஒரு பக்கமாக முறுக்குவார்கள், இழையின் சாய்வு ‘எஸ்’ எழுத்தின் நடுக்கோடு போல இருக்கும். இந்தியப் பருத்தி நூலில் சாய்வு எதிர்ப்பக்கம், ‘இசட்’ எழுத்தைப்போல. செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேயில் கிடைத்த பருத்தித் துண்டுகளில் எது இந்தியாவிலிருந்து வந்தது என்று பிரித்தறிய இந்த முறுக்கு உதவியது. தமிழ்-பிராமி எழுத்து கீறிய பானையோடு கிடைத்த அதே பெரெனிக்கேதான். அந்தக் கப்பல்களில் நம் பக்கத்துப் பருத்தி போனது. வேட்டை வட்டங்களோ உள்ளூர் லினனும் கம்பளியும்.

இந்த வட்டங்கள் உடையில் எங்கே இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண், பெண், குழந்தை எல்லாரும் உடுத்தியது தொளதொள அங்கி. தோளிலிருந்து முன்னும் பின்னும் இறங்கும் இரண்டு நீளப் பட்டைகள், தோள்களிலும் முழங்கால் பக்கமும் வட்டமோ சதுரமோ, மணிக்கட்டில் பட்டை. வெட்டித் தைத்த உடை இல்லை அது. இரண்டு மீட்டருக்கும் அதிக அகலமான தறியில் ஒரு கை முனையில் தொடங்கி, உடலுக்கு அகலம் கூட்டி, மறு கை முனையில் முடித்து, சிலுவை வடிவில் ஒரே துண்டாக நெய்து எடுப்பார்கள். மடித்துப் பக்கவாட்டில் தைத்தால் அங்கி தயார். அங்கி நைந்துபோனால் வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புது அங்கியில் தைத்துக்கொண்டார்கள். வியாபாரிகளுக்கு முன்னாலேயே கத்தரிக்கோல் வேலையைத் தொடங்கியவர்கள் வீட்டுக்காரர்கள்தான், நல்ல காரணத்துக்காக.

யார் வேட்டைக்காரர்

எல்லா வேட்டையும் குதிரைமேல் இல்லை. கையில் கேடயமும் கல்லும் வைத்துக்கொண்டு தரையில் நின்று சிங்கத்தை எதிர்கொள்ளும் ஆட்களும் வருவார்கள். பெரும்பாலும் அம்மணமாக இருப்பார்கள், தோளில் ஒரு துணி மட்டும் பறக்கும். சிங்கத்தோடு சண்டைக்கு இப்படியா போவார்கள் என்று சிரிப்பு வரும். கிரேக்கக் கலையில் வீரனுக்கு உடுப்பு அவசியமில்லை, உடம்பே உடுப்பு. அந்த வழக்கம் எகிப்துத் தறிவரை வந்துவிட்டது.

புராணப் பெயர் உள்ள வேட்டைக்காரர்களும் உண்டு. கயே அந்தினோவேயில் எடுத்து, இப்போது லூவர் மியூசியத்தில் இருக்கும் ‘சபீனாவின் சால்வை’யில் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் வில்லோடு நிற்கிறாள். அதே சால்வையில் பெல்லரோபோன் என்ற வீரன், சிங்கமும் ஆடும் பாம்பும் கலந்த கைமேரா மிருகத்தைக் கொல்கிறான். நைல் நதியில் குட்டிக் குட்டிச் சிறகு முளைத்த பையன்கள் விளையாடுகிறார்கள். இந்தப் பையன்களைத் துணிகள் எங்கும் பார்க்கலாம். வாத்து பிடிப்பார்கள், முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவார்கள், முதலைமேல் ஏறுவார்கள். பெரியவர்கள் உயிரைப் பணயம் வைக்கும் வேட்டையை இவர்கள் கேலி செய்வதுபோல இருக்கும்.

சிங்கம் எதற்கு?

இந்த அங்கியை உடுத்தியவர் சிங்க வேட்டைக்குப் போனவரா? பெரும்பாலும் இருக்காது என்றே நினைக்கிறேன். குழந்தை உடையிலும், மெத்தை உறையிலும், திரைச்சீலையிலும் இதே காட்சிகள் இருக்கின்றன. செய்ததைச் சொல்லும் படம் இல்லை இது. வேண்டியதைச் சொல்லும் படம்.

என்ன வேண்டினார்கள்? முதலாவது, செழிப்பு. வேட்டை என்றால் நிலம், குதிரை, நாய், ஓய்வுநேரம் எல்லாம் உள்ளவன் செய்வது. சிசிலித் தீவில் பியாட்ஸா அர்மெரினா என்ற இடத்தில் 4-ஆம் நூற்றாண்டுப் பெருமாளிகை ஒன்று இருக்கிறது. அதன் நடைக்கூடத்தில் 60 மீட்டருக்கும் நீளமாக ஒரே தரைச்சித்திரம், முழுக்க வேட்டைதான்: மிருகங்களைப் பிடிப்பது, கூண்டில் அடைப்பது, கப்பலில் ஏற்றுவது. அந்தச் சித்திரத்தில் நிற்கும் ஆட்களின் அங்கியைப் பாருங்கள். தோளில் வட்டம் இருக்கும். நம் துணி உடம்பில் எப்படி இருந்தது என்று காட்டும் போட்டோபோல அது. அப்படி மாளிகை கட்ட வசதியில்லாதவர் அந்தக் கூடத்தின் ஒரு சாணைத் தோளில் ஒட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கப்பல்கள் போனது ரோம நகரங்களின் அரங்குகளுக்கு. அங்கே மிருகங்களோடு ஆட்கள் சண்டை போடுவதைக் கூட்டம் பார்க்கும். செலவு பதவிக்கு வரும் பெரிய மனிதருடையது. 506-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கான்சல் என்ற உயர்பதவியில் இருந்த அரியோபிண்டஸ், தன் தந்தப் பலகைகளில் இந்தக் காட்சிகளையே செதுக்கிக் கொடுத்திருக்கிறார். எனவே துணியில் சிங்கத்தைப் பார்க்கும் ஒருவருக்குக் காடு நினைவுக்கு வருவதைவிட அரங்கு நினைவுக்கு வந்திருக்கலாம்.

இரண்டாவது, காப்பு. என் கணக்கில் இதுதான் கனமான காரணம். குதிரைமேல் இருப்பவன் கெட்டதைக் கீழே தள்ளி மிதிக்கிறான் என்ற உருவம் அந்தக் காலத்து எகிப்தில் எங்கும் இருந்தது. குதிரையிலிருந்து சாலமோன் ஒரு பெண் பேயை ஈட்டியால் குத்தும் தாயத்துகள் கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் நிறையக் கிடைத்துள்ளன. லூவரில் ஒரு மணற்கல் சிற்பம் இருக்கிறது: பருந்துத் தலை ஹோரஸ் கடவுள், ரோமச் சிப்பாயின் உடுப்பில், குதிரைமேல் இருந்தபடி முதலையைக் குத்துகிறார். ஒரு கல்லில் மூன்று ஊர் வழக்கங்கள். பிறகு வரும் குதிரைப் புனிதர்களான தியோடர், ஜார்ஜ், எகிப்தின் பாவித் மடத்துச் சுவரில் பேயைக் குத்தும் சிசின்னியோஸ் எல்லாரும் இதே சேணத்தில் உட்கார்ந்தவர்கள்தான். துணியில் உள்ள சவாரிக்காரனுக்குப் பெயர் எழுதவில்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தால்கூட அவன் புனிதர்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் பேரரசனுக்கும் ஒளிவட்டம் போட்டார்கள். சிங்கத்தின்மேலும் விரியன் பாம்பின்மேலும் நடப்பாய் என்ற பைபிளின் 91-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்ன கிறிஸ்தவர் அவனை ஒரு மாதிரி பார்த்திருப்பார், டயோனிசஸ் பக்தர் வேறு மாதிரி. நெசவாளருக்கு இரண்டு பேரும் வாடிக்கைக்காரர்கள்.

இங்கே பலரும் ஒரு நேர்கோடு போட்டுவிடுவார்கள்: பார்வோன்கள் சிங்க வேட்டை ஆடினார்கள், அதன் தொடர்ச்சிதான் இது என்று. மூன்றாம் அமென்ஹோதெப் ஆட்சியின் முதல் பத்து ஆண்டுகளில் 102 சிங்கங்களைக் கொன்றதாக வண்டு வடிவ முத்திரைகளில் பொறித்து ஊர் ஊராக அனுப்பியது உண்மை. துத்தன்காமுனின் வண்ணப் பெட்டி மூடியில் அவன் தேரிலிருந்து சிங்கங்களை எய்வதும் உண்மை. ஆனால் காப்டிக் துணியின் குதிரை, பறக்கும் மேலாடை, கைச்சைகை எல்லாம் கிரேக்க, ரோமக் கலையிலிருந்து வந்தவை. நடுவில் பதினேழு, பதினெட்டு நூற்றாண்டு இருக்கிறது. மிருகத்தை அடக்குவது உலகத்தை ஒழுங்குக்குள் வைப்பது என்ற நினைப்பு அந்த மண்ணில் பழையது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பிஷப் அஸ்டீரியஸுக்கு வருவோம். வேட்டைப் படத்தை மட்டும் அவர் திட்டவில்லை. பக்தியான பணக்காரர்கள் கானா ஊர்த் திருமணம், படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரன் என்று சுவிசேஷக் காட்சிகளை நெய்து உடுத்திக்கொண்டு, அது கடவுளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தார்களாம். என் பேச்சைக் கேட்டால் அந்தத் துணியை விற்றுவிட்டு, உயிரோடு இருக்கும் ஏழைகளைக் கவனியுங்கள் என்கிறார் அவர். சிங்கம் போட்டவனும் இயேசு போட்டவனும் துணியிடம் எதிர்பார்த்தது ஒன்றையேதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்று தோன்றுகிறது.

பட்டு வந்தபின்

6, 7-ஆம் நூற்றாண்டுகளில் படம் மாறுகிறது. கம்பளி ஊதா போய்ப் பளீர்ச் சிவப்புத் தரை, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறங்கள் கூடுகின்றன. காரணங்களில் ஒன்று பட்டு. பாரசீக சாசானிய மன்னர்களின் வேட்டைக்காட்சி வெள்ளித்தட்டுகளிலும் பட்டிலும் மேற்கே பரவியது. குதிரை முன்னால் ஓட, சவாரிக்காரன் இடுப்பைத் திருப்பிப் பின்னால் பாயும் மிருகத்தின்மேல் அம்பு விடுவான், சாசானியருக்கு முன் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்களின் பேர்போன உத்தி. அக்மீமிலேயே கிடைத்த பட்டுகளில் இரண்டு சவாரிக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரும் புதிருமாக இருக்கிறார்கள், சிலவற்றில் சகரியாஸ் என்ற பெயர் கிரேக்க எழுத்தில் நெய்திருக்கிறது.

ஏன் எதிரும் புதிரும்? பட்டுத் தறியில் கோலத்தை ஒருமுறை கட்டிவிட்டால் அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை எடுக்கலாம், வேலை மிச்சம். கம்பளிப் படத்தில் இந்த மிச்சம் கிடையாது, ஒவ்வொரு குதிரையும் தனித்தனியாகக் கையால் நெய்ய வேண்டும். இருந்தும் கம்பளி நெசவாளர்கள் பட்டைப் பார்த்து இரட்டைச் சவாரிக்காரர்களை நெய்தார்கள், பட்டு வாங்க முடியாதவர்கள் கேட்டிருப்பார்கள். வாஷிங்டனின் ஜவுளி மியூசியத்தில் அப்படி ஒரு வட்டம் இருக்கிறது. இரண்டு சவாரிக்காரர்களும் பாரசீகக் கால்சட்டையில். யாரென்று பார்த்தால் கிரேக்க எழுத்தில் மாசிடோனியன் அலெக்சாண்டர் என்று நெய்திருக்கிறது. பாரசீகத்தை வென்றவனுக்குப் பாரசீக உடுப்பு.

இன்னும் பின்னால் போகப் போக உருவம் சுருங்குகிறது. குதிரை நான்கு கோடாகிறது, கண்கள் முகத்தில் பாதியாகின்றன, கறுப்பு விளிம்பு தடிக்கிறது, சிங்கத்தையும் நாயையும் வாலை வைத்துத்தான் பிரிக்கலாம். பழைய புத்தகங்கள் இதைச் சரிவு என்று எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருக்கும் பழகிப்போன படத்தில் குதிரையின் தசையை யார் எண்ணப் போகிறார்கள்? கை தூக்கியிருக்கிறதா, மேலாடை பறக்கிறதா, கீழே ஒரு மிருகம் இருக்கிறதா, அது போதும். வாசலில் கோலம் போடுகிறவர் தாமரையின் இதழ்க்கணக்கைச் செடியிடம் போய்க் கேட்பதில்லையே.

கடைசியாக ஒரு வேலை. அங்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பக்கவாட்டில் நெய்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? அதனால் உடுத்தும்போது நிமிர்ந்து நிற்கும் எல்லா உருவங்களும் தறியில் படுத்துக்கொண்டுதான் உருவாயின. மெட்ரோபொலிட்டன் மியூசியமோ விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமோ, வலைத்தளத்தில் ஒரு சவாரிக்காரனைத் தேடி எடுங்கள். போனில் ஆட்டோ ரொட்டேட்டை அணைத்துவிட்டு, போனைக் கால்வட்டம் திருப்புங்கள். பிளவுக்கோடுகள் எல்லாம் இப்போது செங்குத்தாக நிற்கும், அவைதான் பாவின் திசை. குதிரை செங்குத்தாக ஏறும் அல்லது தலைகீழாக இறங்கும், சவாரிக்காரன் மல்லாந்து கிடப்பான், முயல் ஒரு மரத்தில் தொற்றிக்கொண்டதுபோல இருக்கும். வரி வரியாக, முதலில் குதிரையின் வால், அப்புறம் பறக்கும் மேலாடை, அப்புறம் சவாரிக்காரன், கடைசியில் குதிரையின் தலை, அல்லது இதற்கு நேர்மாறாக. நெய்தவர் அவனைப் பார்த்தது இப்படித்தான்.